தெருவே சாரி சொன்ன நாள்

ஐகாண்டே லியாட்டூ கிளிமஞ்சாரோ மலையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. மலையேற வருகிறவர்களுக்குப் பத்தொன்பது வருடமாக மோஷி ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஆனால் மலை நுழைவாயிலைத் தாண்டி ஓரடி வைத்தது கிடையாது. யாராவது இதைத் துருவிக் கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பாள்.

"கல்யாணத்துக்குச் சமைக்கிறவ ஒவ்வொரு தடவையும் கல்யாணம் பண்ணிக்கணுமா என்ன?"

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விமானக் களைப்பு தீர ஒரு நாள் ஓய்வு உண்டு. மறுநாள் காலை வண்டி மலைக்குப் புறப்பட்டுவிடும். அந்த ஓய்வு நாள் ஐகாண்டேயின் கையில். ஒன்பது மணிக்கு ஓட்டலில் வந்து அழைத்துக்கொண்டு, மணிக்கூண்டு, சந்தை, பழைய ரயில் நிலையம், மலையேறும் சாமான்களை வாடகைக்கு விடும் கடைகள், காப்பிக்கடை என்று சுற்றி, மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். கம்பெனித் தாளில் இதற்கு 'ஊர் சுற்றிப் பார்த்தல்' என்று பெயர். ஊரைப் பார்ப்பது அவர்கள் வேலை, அவர்களைப் பார்ப்பது இவள் வேலை. யார் தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார், யாருக்கு நாலு படி ஏறியதும் பேச்சு நின்றுபோகிறது, யார் நேற்று வாங்கிய பூட்ஸில் நாளை மலையேறப் போகிறார், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சாயங்காலம் அதையெல்லாம் தலைமை வழிகாட்டி ஒனெஸ்மோவிடம் சொல்லுவாள். அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். ஒரு தடவை, உடற்பயிற்சிக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவன் போலிருந்த ஒரு பையன் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவான் என்று சொன்னாள். அவன் இரண்டாம் நாளே வந்துவிட்டான். "உன் கண்ணு மங்கிடுச்சு, ஒரு நாள் தப்பிப்போச்சு" என்று ஒனெஸ்மோ மாதக்கணக்கில் சொல்லிக் காண்பித்தான்.

இந்தக் கண் பிறவியில் வந்ததல்ல. மலைச்சரிவிலிருக்கும் கிபோஷோவிலிருந்து இருபது வயதில் ஊருக்குள் இறங்கி வந்தவள், எட்டு வருடம் ஒரு வாடகைக் கடையில் பூட்ஸ் கழுவினாள். மலையிலிருந்து சேறோடு வரும் பூட்ஸைத் தேய்த்துக் காயவைத்து அடுக்க வேண்டும். ஆளைப் பார்த்ததே இல்லை, அடிப்பாகத்தை மட்டும்தான் பார்த்தாள். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, நுனி எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, பூட்ஸைக் கையில் எடுத்ததுமே போட்டவர் எப்படி நடந்திருப்பார் என்று தெரிந்துவிடும். கடைக்காரர் விளையாட்டாகப் பந்தயம் வைத்துத் தோற்றதுண்டு.

கம்பெனியில் சேர்ந்த முதல் வருடம், ஒரு பெண்மணியிடம் முகத்துக்கு நேரே, "உங்களுக்கு மூட்டு சரியில்ல, ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நடுச்சந்தையில் உட்கார்ந்து அழுது, பெரிய ரகளையாகிவிட்டது. அப்போது முதலாளியாக இருந்த பெரியவர் அவளைக் கூப்பிட்டு, "நீ ஊரைக் காட்டு. மத்ததை ஒனெஸ்மோகிட்ட சொல்லு. வந்தவங்ககிட்ட வாயைத் திறக்காதே" என்றார். அதிலிருந்து அதுவே சட்டம். பெரியவர் போய், மகன் எவாரிஸ்ட் முதலாளியான பிறகும் அவள் அந்தச் சட்டத்தை மீறியதில்லை, அந்த டச்சுத் தபால்காரர் வரும்வரை.

அவர் பெயர் ஹார்மென். வயது அறுபத்திரண்டு. கூட மகள் ரென்ஸ்கெ. ஓய்வு பெற்ற அப்பாவுக்கு மகள் கொடுத்த பரிசு இந்தப் பயணம். அவர் ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாதாம், வாய்க்கால் கரைதான் உயரமான இடமாம். அதை ஹார்மென் பெருமையாகவே சொன்னார்.

"முப்பத்தெட்டு வருஷம் தபால் குடுத்தேன். சைக்கிள் குடுத்தாங்க, வேணாம்னுட்டேன். எல்லாம் நடைதான். என் சொத்தே இந்த ரெண்டு கால்தான்."

"நல்ல சொத்துதான் ஐயா" என்றாள் ஐகாண்டே. "கொஞ்சம் மெதுவா செலவு பண்ணுங்க."

மகள் சிரித்தாள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜூன் மாதக் குளிரில் கைகளை வீசிக்கொண்டு, இரண்டு பெண்களையும் பின்னால் விட்டு நடந்தார். ரயில் நிலையத்துக்குப் போகும் மண் பாதையில் திரும்பும்போதுதான் ஐகாண்டே அதைக் கவனித்தாள். வலது கால் பதிந்த இடத்தில் தடம் இருந்தது. இடது கால் பதிந்த இடத்தில் தடமும் இருந்தது, தடத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கோடும் இருந்தது. தூசியில் விரலால் இழுத்தது போல ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கோடு. கால் எழும்பவில்லை, இழுபடுகிறது. குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் முன்னால் போகிறவரின் பூட்ஸைப் பார்த்தாள். இடது நுனியில் தோல் வெளுத்து நார் தெரிந்தது. வலது நுனி புதிது மாதிரி இருந்தது.

நான்காம் நாள் பாறைச் சுவர் ஒன்று ஏற வேண்டும். நின்று நிதானமாக ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டிய இடம், கீழே பார்க்கக் கூடாத இடம். தூக்கவராத காலோடு அங்கே போகக் கூடாது. ஆனால் சட்டம் சட்டம்தானே. சாயங்காலம் ஒனெஸ்மோவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதில் முடிந்துவைத்துக்கொண்டு, இந்த ரயில் நிலையத்துக்கு ரயில் வந்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மணி அப்போது ஒன்பதே முக்கால்.

பன்னிரண்டரைக்கு, வாழைக்காயும் கறியும் போட்டுக் கடைந்த சூப்பு குடிக்கலாம் என்று சந்தைக்குப் பின்புறத் தெருவுக்கு வந்தார்கள். அங்கே சாக்கடை மேல் மூடியிருக்கும் கல் பலகை ஒன்று இரண்டு விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டிருக்கும். ஊரே அதன் மேல் நடக்கிறது. தலையில் வாழைத்தார் வைத்திருக்கிற பெண்கள் கீழே பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள். ஹார்மெனின் இடது பூட்ஸ் நுனி அதில் தட்டியது. மனிதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"போலே சனா" என்று கத்திக்கொண்டே ஐகாண்டே ஓடினாள்.

மலையேற வருகிறவர்களுக்குச் சுவாஹிலியில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். 'போலே போலே', மெதுவாக, மெதுவாக. எல்லாப் புத்தகத்திலும் அது இருக்கிறது. அதே போலேயை ஒரே ஒரு தடவையோ, 'ரொம்ப' என்கிற சனாவைச் சேர்த்தோ சொன்னால் அர்த்தம் வேறு என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை போலிருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் நாங்கள் விழுந்தவனுக்கும் சொல்வோம், காய்ச்சல்காரனுக்கும் சொல்வோம், வேலை முடித்து வீட்டுக்கு வருகிறவனுக்கும் சொல்வோம். உனக்கு வலிக்கிறது, அது எனக்குத் தெரிகிறது. அவ்வளவுதான். இங்கிலீஷ் பேசும்போது அதையே நாங்கள் சாரி என்று சொல்லிவிடுகிறோம். அதில்தான் வந்தது வினை.

முழங்கால் சிராய்ந்து உள்ளங்கை தோலுரிந்து கிடந்த மனிதருக்கு முதலில் கேட்டது போலே. "மெதுவா போகச் சொல்றதுக்கு இதுவா நேரம்?" என்று பல்லைக் கடித்தார். உடனே ஐகாண்டே இங்கிலீஷுக்கு மாறினாள்.

"சாரி ஐயா, ரொம்ப சாரி. சாரி, சாரி."

தக்காளி விற்கிற பெண் எழுந்து வந்து சாரி என்றாள். செருப்புத் தைக்கிறவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு சாரி என்றார். மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள் மூன்று பேர் வண்டியிலிருந்தபடியே, "சாரி ஃபாதர்" என்றார்கள். ஓட்டலுக்குப் பாதித் தூரம் அவரைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போகையில் எதிரே வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார், எதுவும் தெரியாமலே, முழங்காலில் ரத்தத்தைப் பார்த்து, "ஓ, சாரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஹார்மென் மகளிடம் இங்கிலீஷிலேயே சொன்னது ஐகாண்டேயின் காதில் விழுந்தது. "பாத்தியா, தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. தப்புன்னு தெரிஞ்சும் அந்தப் பலகையை அப்படியே விட்டு வச்சிருக்காங்க."

மூன்றரை மணிக்கு எவாரிஸ்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினான். மேசை மேல் ஹார்மெனின் புகார்க் கடிதம். ஒரு பக்கம் நிறைய, தபால்காரரின் ஒழுங்கான கையெழுத்து. ஆபத்தான வழியில் கூட்டிப்போனார், தவறு தன்னுடையது என்று அவரே குறைந்தது ஒன்பது தடவை ஒப்புக்கொண்டார், எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், மலையேறுகிறவர்களுக்கான ஆறு மணிக் கூட்டத்தில் அவர் என் கண்ணில் படக் கூடாது.

"ஒன்பது தடவையா? எண்ணிக்கிட்டா நடந்தாரு?" என்றாள் ஐகாண்டே.

"அக்கா, விளையாடாதீங்க. ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. முடிஞ்சுபோகட்டும்."

"என்னன்னு எழுதறது? பலகையை நான் தூக்கி வச்சேன்னா?"

"நீங்கதான சாரி சொன்னீங்க?"

"ஏன் தம்பி, உனக்குமா இது புரியல? கீழ விழுந்த மனுஷனைப் பாத்து வேற என்ன சொல்றது, வாழ்த்துக்கள்னா?"

மூலையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒனெஸ்மோ குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான். எவாரிஸ்ட் நெற்றியைத் தேய்த்தான். "எனக்குப் புரியுது அக்கா. அவங்க ஊர்ல சாரின்னா தப்பை ஒத்துக்கறது. அங்க அது கோர்ட்டுல பேசற வார்த்தை."

"அது இருக்கட்டும். ஒனெஸ்மோ, நோட்டை எடு. அவருக்கு இடது கால் தூக்க வரல. பூட்ஸ் நுனியைப் பாரு. பாறைச் சுவருக்கு அவரைக் கூட்டிட்டுப் போகாதே."

ஒனெஸ்மோ நோட்டை எடுக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

"அக்கா" என்றான் எவாரிஸ்ட் தயங்கியபடி. "இப்பப் போய் இதைச் சொன்னா எப்படி இருக்கும்? பழியை அவர் கால் மேல திருப்பிப் போடற மாதிரி இருக்காது?"

"நீ என்ன சொல்ற?" என்று அவள் ஒனெஸ்மோவைப் பார்த்தாள்.

"நான் உன்னை நம்பறேன். நம்பி என்ன பண்ண? உடம்புல ஒரு குறையும் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு, டாக்டர் சீட்டு இருக்கு. தூசியில கோடு விழுந்துதுன்னு சொல்லி ஒருத்தரை நான் நிறுத்த முடியாது. அதுவும் நீ சொன்னேன்னு தெரிஞ்சா அவர் வீம்புக்காவது ஏறுவாரு."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தன் வேலை போகுமோ என்பதுகூட இரண்டாவதுதான். அந்தக் கிழவர் நான்காம் நாள் அந்தச் சுவரில் நிற்பார், இடது காலைத் தூக்குவார், அது வராது. அதைத் தடுக்கத் தன்னிடம் இருந்தது ஒரே ஒரு பொருள், தன் வார்த்தை. அது இன்றைக்குப் பார்த்து செல்லாமல் போய்விட்டது.

வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறக்காமல் முற்றத்திலேயே கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தாள். சனி ஞாயிறு மட்டும் வரும் புருஷன் அருஷாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், மகள்கள் இருவரும் விடுதியில். பேச்சுக்கு ஆளில்லை. நான் என்ன தப்பு பண்ணினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கேட்டபோது அதற்கு ஒரு பதில் வந்துவிட்டது. ஒன்பதே முக்காலுக்குக் கோட்டைப் பார்த்தாய். பன்னிரண்டரைக்கு அவர் விழுந்தார். நடுவில் இரண்டே முக்கால் மணி நேரம் ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தாய்.

சட்டம், சட்டம் என்று சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

எழுந்து போய் வேலியிலிருந்து ஒரு இசாலே இலையை ஒடித்தாள். முழங்கை நீளத்துக்குப் பச்சையாக வளரும் அந்தச் செடியைத்தான் இந்த மலையடிவாரத்துச் சாகா இனத்து ஆட்கள் நாங்கள் எல்லைக்கு நடுவோம். அதன் இலையை முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டால், எப்பேர்ப்பட்ட பகையானாலும் மறுக்கக் கூடாது. அதனாலேயே அதை எடுத்ததற்கெல்லாம் ஒடிப்பதில்லை. ஐகாண்டே தன் வாழ்நாளில் இரண்டு தடவைதான் ஒடித்திருக்கிறாள், இரண்டும் மாமியாருக்கு.

ஐந்து மணிக்கு ஓட்டல் முற்றத்தில் ஹார்மென் கட்டுப் போட்ட முழங்காலை ஒரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் சாமான் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"கடிதம் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல ஐயா. இது கொண்டு வந்தேன்." முடிச்சுப் போட்ட இலையை இரண்டு கையாலும் நீட்டினாள். "எங்க ஆளுங்க நிஜமா மன்னிப்புக் கேட்கறதுன்னா இதுதான். வாங்கிட்டா மன்னிச்சுடணும். வாங்காம இருக்கவும் கூடாது."

"வாங்காம இருக்கக் கூடாது, வாங்கினா மன்னிக்கணும். இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்ல ஐயா. வழக்கம்."

ரென்ஸ்கெ சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "மத்தியானம் அத்தனை தடவை கேட்டுட்டீங்களே, மறுபடி எதுக்கு?"

"மத்தியானம் நான் மன்னிப்பே கேட்கல. தக்காளிக்காரியும் கேட்கல. உங்களுக்கு வலிச்சுது, பாவமா இருந்துது, சொன்னோம். நாளைக்கு உங்களுக்குத் தும்மல் வந்தாலும் சொல்லுவோம்."

"அப்ப இந்த இலை எதுக்கு?"

"இது நான் பண்ணின தப்புக்கு. ஒன்பதே முக்காலுக்கே நான் பாத்துட்டேன், சொல்லல. சொல்லியிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க."

"எதைப் பாத்தீங்க?"

அவள் நாற்காலியடியில் கிடந்த அவருடைய பூட்ஸ் இரண்டையும் எடுத்து, மேசை மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நுனி முழுசாக இருந்தது, ஒரு நுனி கிழிந்திருந்தது. மகள் பட்டியலைக் கீழே வைத்தாள். ஒன்றைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இது இலையுதிர் காலத்துல வாங்கின பூட்ஸ்தான?"

"பூட்ஸ் மட்டம். அந்தக் கடையிலயே..."

"அப்பா."

ஹார்மென் தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "ஜனவரியிலேர்ந்து. மாடிப்படியில செருப்பு கழண்டு கழண்டு விழும். செருப்பு லூசுன்னு புதுசு வாங்கினேன். அதுவும் கழண்டுது."

"டாக்டர்கிட்ட?"

"டாக்டர் சீட்டு அக்டோபர்ல வாங்கிட்டேனே. அப்புறம் எதுக்குப் போகணும்?" முழங்கால் கட்டை இழுத்துச் சரிசெய்தார். "போனா சொல்லிடுவாங்களே."

ஐகாண்டே இலையை இன்னும் நீட்டியபடியே நின்றாள். கை வலிக்க ஆரம்பித்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் காலை நம்பிப் பிழைத்த மனிதரிடம் அந்தக் காலைப் பற்றி வந்து சொல்லியிருக்கிறோம், இலையைத் தூக்கி முகத்தில் எறிந்தாலும் தகும் என்று அவளுக்குத் தோன்றியது. வழக்கம் இங்கே பிறந்தவர்களுக்குத்தானே. ஹார்மென் அந்த இலையையே பார்த்தார். வாங்கினால் இவளை மன்னிப்பது மட்டும் இல்லை, அவள் பார்த்தது உண்மை என்று ஒப்புக்கொள்வதும்தான். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"ரொம்பத் தந்திரமான இலை" என்றார். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஆறு மணிக் கூட்டத்தில் ஒனெஸ்மோ நோட்டைத் திறந்தபோது எழுத ஒரு பெயர்தான் இருந்தது, மகளுடையது. ரென்ஸ்கெ தானும் போகவில்லை என்று அழுதாள். "உனக்குமா கால் இழுக்குது?" என்று அப்பா அதட்டி அவள் வாயை அடைத்தார். கடிதத்தைப் பற்றி எவாரிஸ்ட் அதற்குப் பிறகு பேசவில்லை. சந்தைக்குப் பின்னால் அந்தப் பலகை இன்றைக்கும் இரண்டு விரல் கனம் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஐகாண்டேதான் மாறிப்போனாள். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் பார்த்த இடத்திலேயே சொல்லிவிடுகிறாள். சிலர் அழுகிறார்கள், சிலர் சண்டைக்கு வருகிறார்கள். ஒனெஸ்மோவின் நோட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் ஏழு மணிக்கு ஓட்டல் வாசலில் வண்டி நின்றது. மேகம் இன்னும் ஏறவில்லை, தெருக்கோடிக்கு நேரே மலை முழுசாகத் தெரிந்தது, உச்சி வெள்ளையோடு. ரென்ஸ்கெ அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினாள். மூட்டைகள் ஏறின, ஒனெஸ்மோ கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினான். ஹார்மென் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வண்டி மணிக்கூண்டைத் திரும்பி மறைகிறவரை கையை ஆட்டினார். மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை. இலையின் நுனி அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஐகாண்டேவுக்குத் தாங்கவில்லை. "போலே" என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் மலையைப் பார்த்தபடியே தலையசைத்தார்.

"தெரியும்மா" என்றார். "நீங்க ஒண்ணும் பண்ணல."